எந்த வீட்டுக்காரர்?

என் மனைவி அறியவே நான் ஐந்து நிமிஷம் இன்னொரு பெண்ணுக்குப் புருஷனாக இருந்திருக்கிறேன். ஆசைப்பட்டு நடந்ததல்ல. ‘வீட்டுக்காரர்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லுகிற ஒரு சொல் செய்த வேலை அது. வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர், தாலி கட்டினவரும் வீட்டுக்காரர். கேட்கிறவர் யார், எங்கே நின்று கேட்கிறார் என்பதை வைத்து எந்த வீட்டுக்காரர் என்று நமக்குப் புரிந்துவிடும். நான் சொல்லப்போகிற அக்காவுக்கு மட்டும் புரியாது. அல்லது புரியாத மாதிரி இருப்பார். இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அவர் ‘எதுத்த வீட்டு அக்கா’. பாளையங்கோட்டையில் ஒரு வளவில் நாங்கள் குடியிருந்தோம். தெருவைப் பார்த்து ஒரே வாசல், உள்ளே நீளமாக முற்றம், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி வீடுகள், கடைசியில் ஒரு கிணறு. இதுதான் வளவு. எங்கள் கதவைத் திறந்தால் அவர் கதவு. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் எங்கள் வீட்டுக் குழம்பு என்ன என்று அவருக்குத் தெரியும், அவர் மகள் என்ன பாடம் படிக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

நான் ஒரு என்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறவன். இந்த ஊரில் புதிதாக எழும்பிய எத்தனையோ வீடுகளில் அடுப்படி எந்த மூலையில், பூஜையறை எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கென்று ஒரு மூலை கிடையாது. வீட்டில் நாங்கள் எட்டுப் பேர். நான், மனைவி, அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை, பிள்ளைகள் நாலு. மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆலோசித்து முடிவெடுத்தோம். மூன்றாவது இரட்டையாக வந்தது. நான் வரைகிற பிளான் எல்லாம் நாலு பேர் குடும்பத்துக்கானவை. படுக்கையறையில் அழகாக ஒரு கட்டில் வரைந்து காட்டுவேன். எங்கள் குடும்பம் அதில் படுத்தால் பாதிப் பேர் கால் ஹாலில் கிடக்கும்.

அந்த அக்கா மாஞ்சோலையில் பிறந்து வளர்ந்தவர். மலை மேல் எஸ்டேட்டில் வேலை இருந்தவரை வீடும் இருந்தது. வேலை பார்ப்பவருக்கு வீடு என்பதுதான் அங்கே கணக்கு. வேலை நின்றது, வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கீழே இறங்கினார். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை கிடைத்தது. மகளுக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம். வீடு கேட்டு எங்கள் வளவுக்கு வந்தார்.

வளவின் சொந்தக்காரர் வயதான அண்ணாச்சி ஒருவர். மனைவி இறந்துபோன பிறகு முன்வீட்டில் தனியாக இருந்தார். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு விசாரணையை ஆரம்பித்தார். நான் கிணற்றடியில் இரட்டையரில் ஒருவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மற்றவன் சோப்பைத் தின்றுகொண்டிருந்தான்.

“வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“எந்த வீட்டுக்காரரு?”

“எந்த வீட்டுக்காரரா? ஒன் வீட்டுக்காரருதாம்மா.”

“நீங்க வீடு தந்தா நீங்கதான அண்ணாச்சி வீட்டுக்காரரு. நீங்க என்ன செய்யுதீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார். அண்ணாச்சிக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் ஒண்ணும் செய்யல தாயி, சும்மாதான் இருக்கேன்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டார். மனைவி போனதற்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

என் அத்தை அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலமே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்டால் ஊரைத் தெரிந்துகொள்ள அல்ல, ஆள் இன்னார் என்று தெரிந்துகொள்ளத்தான். இது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்லுகிறவருக்கும் தெரியும்.

“எந்த ஊரும்மா ஒனக்கு?”

“மாஞ்சோலை, பெரியம்மா.”

“அது சரி. அதுக்கு முன்னால எந்த ஊரு?”

“அதுக்கு முன்னால நான் பொறக்கலையே.”

அத்தை விடவில்லை. “ஒங்க அப்பா?” என்றாள். “அவரும் மாஞ்சோலைலதான் பொறந்தாரு” என்று பதில் வந்தது. அத்தை திரும்பி வந்து, “வெவரமான பொம்பளையா, வெவரங்கெட்ட பொம்பளையான்னு ஒண்ணும் தெரியலலே” என்று என்னிடம் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போனாள். அத்தை ஒரு கேள்வியோடு போய் பதில் இல்லாமல் திரும்பியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. மறுநாளே இரண்டு பேரும் சேர்ந்து கிணற்றடியில் கீரை ஆய்ந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதைவிட நன்றாக நடந்தது. மகளைச் சேர்க்கும்போது ஆபீசில் இருந்தவர் அவசரத்துக்குக் கூப்பிட வீட்டுக்காரர் போன் நம்பரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அக்கா அண்ணாச்சியின் நம்பரைச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் காய்ச்சல். “உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, உடனே வாங்க” என்று அண்ணாச்சிக்குப் போன் வந்தது. அவருக்கு ஒரே பெண், கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். மனுஷர் பதறிப்போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பெங்களூருக்கு இப்ப எந்த வண்டி போவும்லே?” என்று என்னைக் கேட்டபடி தெருவில் ஓடினார். விஷயம் விளங்கியதும் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, வழியில் இளநீரும் வாங்கிக் கொடுத்து, அதே ஆட்டோவில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், “பிள்ள சாப்பிட்டாளா?” என்று முற்றத்தில் நின்று கேட்பார்.

என் மனைவி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். “அக்கா, நீங்க வேணும்னேதான் அப்படிப் பேசுதீங்களா?”

அக்கா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “கேக்கதுக்குத்தான பதில் சொல்ல முடியும்” என்றார். “கேக்காததுக்கும் சேத்துச் சொல்லணும்னா நான் எப்ப சொல்லி முடிக்க?”

பொய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. உண்மையைக்கூடக் கேட்ட அளவுக்கு மேல் ஒரு துண்டு தரமாட்டார். புருஷன் இறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போய்விட்டாரா, அவரை இவர் விட்டுவிட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

அப்புறம் அண்ணாச்சிக்கு முடியாமல் போயிற்று. மகள் வந்து பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். வளவை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அங்கே கல்யாண மண்டபம் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டோம் என்ன, பிளான் எங்கள் ஆபீசுக்குத்தான் வந்தது. வரைந்தவன் நான்தான். எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் பந்திக்கூடம் வந்தது. எட்டுப் பேர் முழங்கையை மடக்கிக்கொண்டு சாப்பிட்ட இடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட நான் பென்சிலால் இடம் பண்ணிக் கொடுத்தேன். அக்கா வீட்டு இடத்தில் கை கழுவுகிற தொட்டி. என் வேலை சுத்தமாக இருக்கிறது என்று என்ஜினியர் பாராட்டினார்.

எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றானது. மற்ற வீட்டுக்காரர்கள், நான் குடியிருந்தவர்களைச் சொல்லுகிறேன், சீக்கிரமே இடம் பிடித்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்களும் அக்காவும். எங்கள் வீட்டில் ஆள் அதிகம். அவர் வீட்டில் ஓர் ஆள் குறைவு.

எனக்காவது எங்கே போனாலும் சரிதான். அவருக்கு அப்படியில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை வந்துகொண்டிருந்தது. அக்கா கடையிலிருந்து திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். அதுவரை அந்தப் பெண் தனியாக இருக்க வேண்டும். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், நாலு பேர் நடமாட்டம் உள்ள இடத்தில் வீடு வேண்டும். “பெரிசா ஒண்ணும் வேண்டாம் தம்பி. பரீட்ச முடியுத வரைக்கும் நானும் அவளும் ஒண்ணாப் படுத்து எந்திரிக்க ஒரு எடம் போதும்” என்று சொன்னார். இதைக் கேட்டால் கிடைத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீடு தேடுவதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. எத்தனை பேர் என்று கேட்டால் நாலு பேர் என்று சொல்வேன். குடியேறிய பிறகு மீதியைத் தவணை முறையில் கொண்டுவந்துவிடலாம் என்பது என் திட்டம். சாந்தி நகரில் ஒரு வீட்டுக்கு மனைவியையும் மூத்த பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா, அத்தை, இரட்டையர் நாலு பேரையும் தெருமுக்கில் இருந்த டீக்கடையில் உட்காரவைத்திருந்தேன். வீட்டின் சொந்தக்காரருக்கு எங்களைப் பிடித்துவிட்டது. அளவான குடும்பம் என்றே சொன்னார். அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. “ஏலே, எவ்வளவு நேரம்லே அங்கன குத்த வச்சிருக்க? இவனுவ ரெண்டு பேரும் கடைய ரெண்டாக்கிட்டானுவ” என்று அத்தை உள்ளே வந்தாள். பின்னால் அப்பா, அவர் இரண்டு கையிலும் ஒவ்வொரு பையன். “இவங்க வழியனுப்ப வந்தவங்க” என்று நான் சொன்னேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. அந்த மனிதர் எங்களை வழியனுப்பி வைத்தார்.

வளவுக்குத் திரும்பியதும் அக்காவிடம் இதைச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, “நாலு பேருன்னு சொல்லி வீட்ட வாங்கிட்டா, மத்த நாலு பேரும் உள்ள இருக்கயில யாரும் தும்மக்கூடாதே தம்பி” என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையான கவலைதான்.

அவருக்கு நடந்தவை வேறு மாதிரி. ஒரு வீட்டில், “ஆம்பளத் தொண இல்லாத வீடு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்கல்லா பதில் சொல்லணும்” என்றார்களாம். இன்னொரு வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம், அதற்குப் பிறகு யாரும் வரக்கூடாது என்றார்களாம். “ஆம்பளைகளும் அதுக்குள்ள வந்துருவாங்களா?” என்று இவர் விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அதற்கு மேல் அங்கே பேச்சு நடக்கவில்லை.

கடைசியில் மகாராஜநகர் பக்கம் ஒரு வீடு இருப்பதாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். கீழே வீட்டுச் சொந்தக்காரரும் அவர் மனைவியும். மாடியில் வாடகைக்கு இரண்டு பகுதி, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அளவெடுத்துக் கட்டியது மாதிரி இருந்தது. அக்காதான் அந்த அம்மாவிடம் போனில் பேசினார். பேசிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“பெரிய வீடு, சின்ன வீடு ரெண்டும் காலியாத்தான் இருக்காம். வீட்டுக்காரரு இல்லாம எதையும் பேசி முடிக்க முடியாதுல்லா, அவரு வரும்போது வாங்கன்னு சொன்னாங்க. சரிம்மா, ஞாயித்துக்கிழம வீட்டுக்காரரு இருப்பாரான்னு கேட்டேன். அது ஒங்களுக்குத்தான தெரியும்ங்காங்க. எனக்கு எப்படித் தெரியும் தம்பி?”

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். “அவங்க வீட்டுக்காரர் எப்ப இருப்பாருன்னு அவங்களுக்கே தெரியாது போல” என்று நானும் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரட்டையருக்குப் பொன்னுக்கு வீங்கி. என் மனைவியால் வர முடியவில்லை. “நீங்களே போயி ரெண்டு வீட்டையும் பாத்துட்டு வாங்க. எனக்கு அடுப்படி மட்டும் வெளிச்சமா இருந்தாப் போதும்” என்று சொல்லி அனுப்பினாள். நான் பைக்கில் போனேன். அக்கா பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். இரண்டு பேரும் கேட்டருகே சேர்ந்த நேரத்தில் ஒரு பெரியவர் காய்கறிப் பையோடு ஸ்கூட்டரில் வந்தார். வீட்டின் சொந்தக்காரர் அவர்தான். “வீடு பாக்கவா? வாங்க, வாங்க. அவ மாடில இருக்கா” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனார்.

மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவின் குரல் மட்டும் மேலேயிருந்து வந்தது.

“யாரு, போன் பண்ணுனவங்களா?”

“ஆமாம்மா” என்றார் அக்கா.

“வீட்டுக்காரரு வந்தாச்சா?”

இதற்குப் பதில் தெரிந்தவன் நான். இப்போதுதானே கண்ணால் பார்த்தேன். “வந்தாச்சும்மா, வந்தாச்சு” என்று உரக்கச் சொன்னேன். அந்த அம்மா கைப்பிடிச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்து முகம் மலர்ந்து சிரித்தார். எத்தனையோ வீடு ஏறி இறங்கியும் எனக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. நம் முகராசி மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சின்ன வீட்டைத் திறந்து காட்டினார். ஒரு அறை, ஒரு அடுப்படி, வடக்கே ஜன்னல். அக்கா ஜன்னலோரம் போய் நின்றார். அங்கிருந்து பள்ளிக்கூடத்து மரங்கள் தெரிந்தன. நான் தொழில்காரன் மாதிரி சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

“ஒங்களுக்கு இந்த எடம் போதும்லா?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

“தாராளமாப் போதும்மா” என்றேன், அக்காவுக்காக.

“என்ன வேல பாக்கீங்க?”

“வீட்டு பிளான் வரையுதேன்.”

“அவங்க?”

“ஜவுளிக்கடைல. வர ஒம்பதரை ஆயிரும்மா” என்று இதையும் மறைக்காமல் சொன்னேன்.

“ஆவட்டுமே. அதான் நீங்க இருக்கீங்கள்லா, பொறவென்ன” என்றார் அந்த அம்மா.

நல்ல மனசு என்று எனக்குப் பட்டது. எதிர்வீட்டில் ஓர் ஆள் இருக்கிறான் என்பதையே இவ்வளவு பெரிதாக நினைக்கிறாரே என்று உருகிப்போனேன். அக்கா ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“எத்தன பிள்ளைய?”

இவ்வளவு நல்ல மனுஷியிடம் பொய் சொல்லக்கூடாது என்று அந்த நொடியில் தீர்மானித்தேன். “நாலும்மா” என்றேன்.

“நாலா? போன்ல ஒண்ணுன்னுல்லா சொன்னாங்க.”

“அது அவங்களுக்கு. அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு நாலு.”

அந்த அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். வீடு தேடப் போய் நான் உண்மை சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அக்கா முன்னால் வந்தார். “அம்மா, நீங்க தப்பா நெனைச்சிட்டீங்க. இவரு என் வீட்டுக்காரரு இல்ல. எதுத்த வீட்டுக்காரரு.”

“எதுத்த வீட்டுக்காரரா?”

“ஆமாம்மா. நீங்கதான போன்ல சொன்னீங்க. இவருக்குப் பெரிய வீடு, எனக்குச் சின்ன வீடு.”

எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த பெரியவர் படியிலேயே நின்றுவிட்டார். நான் செல்போனை எடுத்து எங்கள் குடும்பப் படத்தைத் தேடிக் காட்டினேன். எட்டுப் பேரும் நெருக்கியடித்து நிற்கிற படம். எந்த வீட்டுக்காரர் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்று இத்தனை நாள் நான் ஒளித்துவைத்திருந்ததை, நான் யாருக்குப் புருஷன் என்று நிரூபிக்க நானே நீட்டினேன். “இதுதாம்மா என் வீட்டுக்காரி. இது அப்பா, இது அத்த, இவனுவ ரெண்டு பேரும் ரெட்ட” என்று ஒவ்வொருவராக விரல் வைத்துக் காட்டினேன். பெரியவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். எல்லோருக்கும் காபி வந்தது.

காபி குடித்து முடித்ததும் அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பி, நிதானமாகவே கேட்டார்.

“சரி, அப்ப ஒங்க வீட்டுக்காரரு எங்க?”

‘எந்த வீட்டுக்காரரு?’ என்று வரும் என நான் காத்திருந்தேன். வந்திருந்தால் அந்தப் பெரியவர் இன்னொரு தடவை சிரித்திருப்பார், காரியமும் நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். அக்கா அந்த ஜன்னலைப் பார்த்தார். அந்த வீடு அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

“இல்லம்மா” என்றார். “நானும் பிள்ளையும் மட்டுந்தான். ரெண்டு பேருதான்.”

நாங்கள் யாரும் அதுவரை அவர் வாயிலிருந்து இப்படி நேராக ஒரு பதில் கேட்டதில்லை. அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார். “எனக்கும் பொண்ணு இருக்கா. ஆனா அக்கம் பக்கத்துல இருக்கவங்க வாய மூட முடியுமா? ராத்திரி நேரம் வந்து போகணும்ங்கீங்க. வீட்டுக்காரருன்னு ஒருத்தரு இருந்தா வேற. தப்பா நெனைச்சுக்கிடாதீங்க.”

பெரிய வீடு எங்களுக்குக் கிடைத்தது. எட்டுப் பேர் என்றதும் பெரியவர் தண்ணீர் மோட்டாரை நினைத்துப் பெருமூச்சு விட்டார். “குடும்பம்னா அப்படித்தான் இருக்கும். ஆம்பள இருக்க வீடு” என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். அந்த ஆம்பளை நான்தான். எட்டரை மணிக்குத் தூங்கினால் காலையில் அத்தை வந்து உலுக்கினால்தான் எழுந்திருப்பேன். கரப்பான் பூச்சி வந்தால்கூட என் மனைவி என்னைக் கூப்பிடுவதில்லை, இரட்டையரைத்தான் கூப்பிடுவாள். என்னை ஆண் துணை என்று நம்பிய ஒரே ஜீவன் அந்த அம்மா. “அவங்க ரொம்ப நல்லவங்கம்மா” என்று மட்டும் நான் சொல்லிப் பார்த்தேன். “எனக்குந் தெரியுதே” என்று அந்த அம்மா சொன்னார்.

அக்காவுக்கு வீடு அமையாமல் நாங்கள் மட்டும் போக என் மனைவிக்கு மனசில்லை. அக்காதான் சண்டை போட்டு அனுப்பினார். “எட்டு பேரு தெருவுல நிக்க முடியுமா? நாங்க ரெண்டு பேரு. எங்கனயாவது ஒண்டிக்கிடுவோம்” என்றார். ஒண்டிக்கொள்ளவும் இடம் வேண்டுமே. கடைசியில் மகளைப் பள்ளிக்கூட விடுதியில் விட்டார். அவர் ஜங்ஷன் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் ஒரு கட்டிலுக்குப் போனார். அவரது அண்டா, குண்டான், மிக்சி எல்லாம் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தன.

இரண்டு விடுதியிலும் வெளியாள் உள்ளே போகக்கூடாது. அம்மாவுக்கு மகள் வெளியாள், மகளுக்கு அம்மா வெளியாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து சந்தித்துக்கொண்டார்கள். எட்டுப் பேருக்கே மூச்சு முட்டுகிற வீட்டில் பத்துப் பேர் ஆனோம். அக்கா அவர் பாத்திரத்தை இறக்கி அவரே சமைப்பார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை இப்படித் தூங்குகிறதே என்று அத்தை முணுமுணுப்பாள். ஆனால் இரட்டையர் சத்தம் போட்டால் முதுகில் ஒன்று வைத்து வெளியே விரட்டுவதும் அத்தைதான்.

அந்தப் பெண் நன்றாகவே பாஸ் செய்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து, அக்காவும் அங்கேயே வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாள் போன் பேசினோம். அப்புறம் நம்பர் மாறிவிட்டது. நாங்கள் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறோம். சின்ன வீட்டுக்கு நினைத்த மாதிரி ஆள் அமையவில்லை. மழைநாளில் அந்த அம்மா அங்கே மிளகாய் உலர்த்துகிறார்.

அக்காவை நினைத்தால் எனக்கு அண்ணாச்சியைச் சிரிக்கவைத்த முகம் வருவதில்லை. பரீட்சைக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. சாயங்காலம் இரண்டு பேரும் கிளம்பினார்கள். நானும் கூடவே இறங்கி வந்தேன். அந்த அம்மா வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தார். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்திருக்கும். அக்காவைக் கண்டால் எப்போதும் ஒரு வார்த்தை பேசிவிடுவார்.

“என்ன, வீட்டுக்குக் கெளம்பியாச்சா?” என்று கேட்டார். யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான்.

நான் பயந்துகொண்டே அக்காவைப் பார்த்தேன். ‘எந்த வீட்டுக்கு?’ என்று கேட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

“ஆமாம்மா, வீட்டுக்குத்தான்” என்றார் அக்கா.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்டைத் தாண்டியதும் மகள் விடுதியைப் பார்த்து ஒரு பக்கமும், அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து இன்னொரு பக்கமுமாக நடந்தார்கள்.